தனியாக அடுக்கிய கட்டுகள்

காய்ச்சல் விட்டு எழுந்த மூக்குக்காரர், மழை ஓய்ந்ததும் களத்துக்குப் போய், குவிந்து கிடந்த கடலைக்கொடியில் ஒரு பிடியை உருவி முகர்ந்து பார்த்து, “கட்டலாம்” என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்புச் சொன்னார். போன வாரம் அந்தக் குடும்பத்தை அந்த இடத்தில்தான் விட்டுவிட்டு வந்தோம். அன்றைக்கே அவர் அடுப்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே பால் பொங்கி வற்றி அடிபிடித்துக் கரிந்ததும், கொல்லையிலிருந்து பெரியவள் ஓடிவந்து அடுப்பை அணைத்ததும் நினைவிருக்கும். பேப்பர் கையில் இருந்தால் மனுஷருக்கு உலகமே தெரியாது என்று வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நாமும்தான் சிரித்தோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுவடை முடிந்து, காயைப் பறித்துக்கொண்டு, இனி இது எதற்கு என்று வயலில் விட்டுப்போகும் கொடியையும் சோளத்தட்டையையும் வாரிக்கொண்டு வந்து, உலர்த்தி, மிஷினில் கொடுத்துக் கட்டாகக் கட்டி, மாடு வைத்திருப்பவர்களுக்குத் தீவனமாக அனுப்புவது அந்த வீட்டுத் தொழில். இதில் சிக்கலான வேலை, எப்போது கட்டுவது என்று சொல்வதுதான். ஈரத்தோடு கட்டினால் உள்ளே புழுங்கி வெந்துபோகும். அதிகம் காயவிட்டால் இலையெல்லாம் உதிர்ந்து குச்சி மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தை வீட்டு மூத்தவர் முகர்ந்தே சொல்லிவிடுவார். அதனால் அவருக்கு மூக்குக்காரர் என்று பெயர். அவருடைய தம்பி கட்டு மிஷினை ஓட்டுகிறவன், ஆகவே மிஷின்காரன். மூக்குக்காரரின் மனைவியைத்தான் பெரியவள் என்கிறோம். வயதை வைத்து அல்ல, அந்த வீட்டில் முதலில் வந்து மாட்டிக்கொண்டவள் என்ற கணக்கில்.

இன்று காலை, மாடுகளுக்குப் போட ஒரு கட்டு எடுக்கலாம் என்று பெரியவள் கொட்டகைக்குப் போனாள். முந்தின நாள் சாயங்காலம் மூக்குக்காரர் சந்தோஷமாக ஒரு சேதி சொல்லியிருந்தார். தம்பி நல்ல கட்டுகளை மூலையில் தனியாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தானாம், பால்பண்ணைக்காரருக்கு என்று. அவருக்கு எதற்கு, என் தங்கச்சி மாடு நிறைமாசமாக இருக்கிறது, அதற்குப் போகட்டும் என்று இவரே நின்று வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாராம். ரெண்டு கட்டு மிச்சம் இருக்கிறது, நம் மாடுகளும் ஒரு நாள் ராஜ போஜனம் சாப்பிடட்டும் என்றார்.

ராஜ போஜனத்தின் மேலிருந்த தார்ப்பாயை அவள் விலக்கினாள். ஈக்கள் ஙொய்யென்று கிளம்பின. காய்ந்த கொடியில் ஈக்கு என்ன வேலை என்று அவள் யோசிப்பதற்குள் விரல்களில் பிசுபிசுவென்று எதுவோ ஒட்டியது. பாகு காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவாமல் போட்டது போலத் தித்திப்பான ஒரு வாடை. அந்தத் தித்திப்புக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. அரிவாளைப் போட்டுக் கயிற்றை அறுத்தாள்.

கட்டு பிளந்து, உள்ளிருந்து ஆவி வந்தது.

கையை நடுவில் விட்டுப் பார்த்தாள். சுடச்சுட இருந்தது. கொடி கொடியாக இல்லை. கறுத்து, குழைந்து, வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சவசவவென்று கிடந்தது. பிய்த்து இழுத்ததில் சாம்பல் நிறத் தூசி ஒன்று குபுக்கென்று கிளம்பி நேராக அவள் வாயிலும் மூக்கிலும் புகுந்தது. ஈரத்தோடு மூட்டை கட்டி மறந்துபோன துணியும் செத்த எலியும் சேர்ந்த நாற்றம். பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். காலையில் குடித்த காபி முழுவதும் வெளியே வந்தது.

மற்றக் கட்டையும் அறுத்தாள். அதுவும் அதே லட்சணம்தான். சந்தேகம் தீர ஒரு பிடியைத் தன் மாட்டின் முன் போட்டுப் பார்த்தாள். முதலில் அது பாகு ஒட்டிய மேல்பக்கத்தை நக்கியது. உள்பக்கம் வந்ததும் புஸ்ஸென்று மூச்சை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாட்டுக்குத் தெரிந்தது.

குழாயடியில் கையை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் அந்த நாற்றம் உட்கார்ந்துகொண்டு போவேனா என்றது.

அப்போதுதான் மூக்குக்காரர் டீ டம்ளரும் கையுமாகக் கொட்டகைக்குள் வந்தார். நீலச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையைப் பார்த்ததும் பெரியவள் பின்னால் நகர்ந்தாள். நேற்று அதன்மேல் பூனை மூத்திரம் பெய்துவிட்டுப் போயிருந்தது. சோடா உப்பில் ஊறப்போட வேண்டும் என்று தனியாகக் கொடிக்கயிற்றின் ஓரத்தில் போட்டு வைத்திருந்தாள். அதை எடுத்து, பித்தானை ஒழுங்காக மாட்டி, கைமடிப்பு வைத்து, மாப்பிள்ளை மாதிரி போட்டுக்கொண்டு நிற்கிறார். பத்தடி தள்ளி நின்றவளுக்கு மூச்சு முட்டியது.

அறுத்துப்போட்ட கட்டுக்குப் பக்கத்திலேயே, இன்னும் அறுக்காத ஒரு கோணிமூட்டை மேல் உட்கார்ந்து, அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி ஆழமாக மூச்சை இழுத்தார்.

“இந்த வருஷக் கொடி மணமே தனி,” என்றார்.

பெரியவள் அவரையே பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது, சலிப்பு வந்திருக்கிறது, சிரிப்புகூட வந்திருக்கிறது. அருவருப்பு வந்ததில்லை. இன்று வந்தது. பூசணம் பூத்துக் கிடக்கும் கட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, மணக்கிறது என்று சொல்லி, டீயும் குடிக்கிற மனுஷன். கட்டு உள்ளே வெந்துபோயிருக்கிறது, பாருங்கள் என்றாள். அவர் எட்டிப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்தது போல அவளுக்குத் தோன்றியது. உடனே சமாளித்துக்கொண்டு, மழைக்கொடி அப்படித்தான் இருக்கும், வெயிலில் விரித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

தெரிந்தே செய்திருக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். விற்க லாயக்கில்லாததை வெளியே தள்ள இடம் தேடியிருக்கிறார். கூடப்பிறந்தவள் வீடுதான் கிடைத்திருக்கிறது.

மிஷின்காரன் களத்தில் படுத்துக்கிடந்து மிஷினுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான். பெரியவள் போய் நின்றதும், அவள் கையிலிருந்த கொடியைப் பார்த்ததும், எழுந்திருக்காமலே மிஷினுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனான். அதிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிட்டது.

மீதியை அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. மழைக்கு முன்னால் கட்டிய கட்டுகளில் குற்றமில்லை. மழையில் நனைந்த கொடியை அண்ணன் முகர்ந்து பார்த்துக் கட்டலாம் என்றாரே, அதில்தான் வினை. மிஷினுக்குள் போகும்போதே கொடி முறியாமல் துவண்டது என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டி முடித்த பிறகு ஒன்றில் கைவிட்டுப் பார்த்திருக்கிறான், சூடாக இருந்திருக்கிறது. அந்தக் கட்டுகளை மட்டும் பிரித்து மூலையில் அடுக்கி, சர்க்கரை ஆலையிலிருந்து வரும் கழிவுப்பாகைத் தண்ணீரில் கரைத்து மேலே தெளித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். பால்பண்ணைக்காரருக்குப் போகிற லோடில், நல்ல கட்டுகளுக்கு நடுவில் இரண்டு மூன்றாகச் செருகிவிட்டால் யார் கண்டது. தித்திப்பு இருந்தால் மாடு எதையும் தின்னும்.

“அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி,” என்றாள்.

“என்னன்னு அண்ணி சொல்றது? உன் மூக்கு தப்புன்னா? அப்பா காலத்துலேருந்து அவர் சொன்னா சொன்னதுதான். எதுத்துப் பேசினா யாருக்கு இந்த வீட்டுல சோறு இறங்கியிருக்கு?”

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்த வீட்டில் சட்டி காலியானதைச் சொல்லலாம், கூரை ஒழுகுவதைச் சொல்லலாம், மூக்குக்காரரின் மூக்கைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது. அவளும் அதற்கு உடந்தைதான். சொந்தக்காரர்கள் வந்தால் முதலில் அந்த மூக்கின் பெருமையைத்தான் பரிமாறுவாள்.

“சரி. அதையெல்லாம் உங்க அண்ணன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டார்னு தெரியுமா?”

மிஷின்காரன் அப்போதுதான் மிஷினுக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். கையிலிருந்த கிரீஸ் துணி கீழே விழுந்தது. ஊரான் மாடு என்றால் உறுத்தாத மனசு, தங்கச்சி மாடு என்றதும் உறுத்தியது. தனியாக அடுக்கி மூடி வைத்தால் கெட்டது என்று புரிந்துகொள்ளாமல், நல்லது என்று எடுத்துக்கொண்டு போவார் என்று இவன் கனவிலும் நினைக்கவில்லையாம். வண்டியில் ஏற்றும்போது அந்த நாற்றம் அவருக்கு எப்படித் தெரியாமல் போனது என்று அவளையே கேட்டான். பெரியவள் ஒரு பிடி கெட்ட கொடியைத் துணியில் முடிந்துகொண்டு ஆட்டோ பிடிக்கப் போனாள். அவனைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆட்டோவில் போகும்போது நாத்தனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தையல் மிஷின் ஓடும்போது அவளுக்குப் போன் சத்தம் கேட்காது. மாட்டு டாக்டர் எடுத்தார். பூசணம் பிடித்த தீவனமா, சினை மாடா என்று இரண்டே கேள்வி கேட்டார். உடனே நிறுத்துங்கள், சுத்தமான தண்ணீர் வையுங்கள், சாயங்காலம் வருகிறேன், அதுவரை என்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். சினை கலைந்துபோகுமா என்று அவள் கேட்டதற்கு அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நாத்தனார் வீட்டு முன்னறையே தையற்கடை. புருஷன் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் இவளும் தையல் மிஷினும் கொல்லையில் ஒரு மாடும்தான். கன்றாக இருக்கும்போதே தாயை இழந்த மாடு அது. புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். நடையில் இருக்கிற மிடுக்கைப் பார்த்து சீமாட்டி என்று பெயர் வைத்தாள். இரண்டு முறை சினைப் பிடிக்காமல், இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று அக்கம்பக்கத்தில் கேட்டபோதெல்லாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே பதிலைச் சொன்னாள். மூன்றாவது முறை பிடித்தது. கன்று பிறந்தால் போர்த்த ஒரு துணிகூடத் தைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

அண்ணியைக் கண்டதும் தையல்காரி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தாள். வராதவர்கள் வந்திருக்கிறீர்களே என்றாள். அண்ணன் அனுப்பிய கட்டு தேன் மாதிரி இருக்கிறதாம், சீமாட்டி நேற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லையாம். அவசரத் தையல், நேற்று இருட்டில் கயிற்றை அறுத்து ஒரு கட்டை அப்படியே தொட்டியில் உருட்டி விட்டதோடு சரியாம். பெரியவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கொல்லைக்கு நடந்தாள்.

தொட்டியில் கறுப்பாக, ஈரமாக, பாகும் எச்சிலும் கலந்து நுரைத்துக் கிடந்தது. ஈ மொய்த்தது. மாட்டின் தாடையிலிருந்து கோழை நூல் நூலாக வடிந்தது. பின்னால் தரையெல்லாம் தண்ணீராகக் கழிந்து வைத்திருந்தது, வாலும் தொடையும் அதில் தோய்ந்திருந்தன. அந்த நிலைமையிலும் அது தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. பெரியவள் இரண்டு கையாலும் தொட்டியை வாரி வெளியே எறிய ஆரம்பித்தாள்.

“அண்ணி, அதை ஏன் அள்றீங்க?”

“இதைப் போடாதே. கெட்டுப்போச்சு.”

“அண்ணன் பாத்து அனுப்பினது அண்ணி இது.”

தையல்காரியின் குரலில் சிரிப்புப் போய்விட்டது. பழைய கதை ஒன்று இருக்கிறது. அண்ணன் இவளுக்குத் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தபோது, எல்லாம் அந்த வீட்டுக்கே போகிறது என்று பெரியவள் வாய்தவறி ஒரு வார்த்தை விட்டாள். அது காதோடு காதாக இவளிடம் வந்து சேர்ந்தது. அதன் பிறகு இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள், கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அந்த வார்த்தை மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது அண்ணன் கொடுத்ததை அண்ணி வந்து தொட்டியிலிருந்து பிடுங்குகிறாள். பார்க்கிறவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்.

“மாட்டுத் தீவனத்துல கூடவா அண்ணி?” என்று கேட்டாள் தையல்காரி.

வாயால் விளக்கிப் பயனில்லை என்று பெரியவளுக்குத் தெரிந்தது. முன்னறை ஓரத்தில் அடுக்கியிருந்த கட்டுகளில் ஒன்றை இழுத்துப் போட்டு, கத்திரிக்கோலை வாங்கிக் கயிற்றை வெட்டினாள். கட்டு வாயைப் பிளந்தது. பூசணத்தூசி அறை முழுவதும் பரவி, தைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சீருடைகளின் மேல் சாம்பலாகப் படிந்தது. தையல்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். வெந்து கறுத்த நடுப்பகுதியைப் பார்த்தாள். அதில் சின்னதாக வெள்ளைப் புழு ஒன்று நெளிந்தது.

கொல்லைக்கு ஓடி, மீதியிருந்ததையும் கையாலேயே வாரி எறிந்தாள். தொட்டியைக் கழுவினாள். தண்ணீர் வைத்தாள். மாடு தண்ணீரை மோந்து பார்க்காமல், வெளியே கிடந்த குப்பையை நோக்கி நாக்கை நீட்டியது. அதன் கயிற்றைப் பிடித்து இழுத்து வேறு முளையில் கட்டுவதற்குள் இரண்டு பெண்களுக்கும் வேர்த்துவிட்டது.

“தெரிஞ்சே அனுப்பிச்சானா அண்ணி?”

ஆமாம் என்று பெரியவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வீட்டுக்குப் போய் அவரையே கேட்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

தையல்காரி சீமாட்டியின் வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். கன்று உதைக்கிறதா என்று பார்க்கிறாள். இடத்தை மாற்றி வைத்தாள். மறுபடி மாற்றினாள்.

“காலையில உதைச்சுது,” என்றாள். “இப்ப ஒண்ணையும் காணோம்.”

மாட்டைக் கழுவிவிட்டுச் சாயங்காலம் திரும்பும்போது ஆட்டோக்காரர் இரண்டு தடவை மூக்கைச் சுளித்து, என்னம்மா நாற்றம் என்று கேட்டார். மடியில் இருந்த முடிச்சைப் பெரியவள் வெளிப்பக்கமாக நகர்த்தினாள். யாரோ ஆட்டோக்காரர், இரண்டே நிமிஷத்தில் கேட்டுவிட்டார். கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர் ஏன் ஒரு தடவைகூட முகத்தைச் சுளிக்கவில்லை. நடிக்கிறவர் என்றே வைத்துக்கொண்டாலும் மூக்கு நடிக்குமா. அந்தப் பூனைச் சட்டையை யாரை ஏமாற்றப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் பால் கரிந்தபோது யாருக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பெரியவள் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல். காய்ச்சலுக்குப் பிறகுதான் எல்லாம்.

வீட்டுக்குள் போனபோது மூக்குக்காரர் கூடத்தில் அதே நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவள் எங்கே போய்விட்டு வந்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள் என்ற பயமாக இருக்கலாம். பெரியவள் எதிரில் உட்கார்ந்து, துணிமுடிச்சை அவிழ்க்காமலே நீட்டினாள்.

“கொட்டகை மேல்தட்டுல போன வருஷக் கொடி ஒரு கைப்பிடி இருந்துச்சு. எப்படி இருக்கு பாருங்க.”

அவர் முகம் மலர்ந்தது. வாங்கி, இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி, வழக்கமான பாவனையெல்லாம் குறைவில்லாமல் செய்து முகர்ந்தார். எதிரில் இருந்தவளுக்கு மூச்சு விட முடியவில்லை.

“இதுதான் கொடி,” என்றார். “வெயில் முழுக்க இதுல அப்படியே இருக்கு பாரு.”

பெரியவள் முடிச்சை அவிழ்த்தாள்.

அவர் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்த நேரத்தில் அவர் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிவிடலாம். மாடு எப்படி இருக்கிறது, தங்கச்சி என்ன சொன்னாள், ஏதாவது ஒன்று.

“தம்பிக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

பெரியவளுக்கு இரக்கம் வரத்தான் பார்த்தது. ஒரு வாசனையும் இல்லாமல் இத்தனை நாள் எப்படி இருந்தார், சாப்பாடு எப்படி இறங்கியது என்றெல்லாம் மனசு ஒரு பக்கம் கேட்டது. அவர் தம்பியைப் பற்றி மட்டும் கேட்டதை நினைத்ததும் வந்த இரக்கம் திரும்பிப் போய்விட்டது. சீமாட்டி கழிந்து கிடப்பதையும், கன்று உதைக்காததையும், வெள்ளைத் துணியெல்லாம் பூசணம் படிந்ததையும் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டார். காய்ச்சல் விட்ட அன்றைக்கே தெரிந்துவிட்டதாம். இன்று வரும் நாளை வரும் என்று இருந்தாராம். களத்தில் தம்பி எதிரில் நின்று எப்போது கட்டலாம் என்று கேட்டபோது, கொடியைக் கையால் தடவிப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டாராம். மேலெல்லாம் காய்ந்துதான் இருந்தது என்றார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் நான்கு பேர் முகர்ந்து பார்த்திருக்க மாட்டோமா என்று கேட்டாள்.

“மூக்கு இல்லைன்னா இந்த வீட்டுல நான் யாரு?” என்றார். “மிஷின் அவன் கையில இருக்கு. மாடு கன்னு உன் கையில இருக்கு. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். இதுவரை அவளிடம் எதற்கும் கெஞ்சாதவர், கெஞ்சினார்.

“இப்படிச் செய்வோம். தெரிஞ்சேதான் அனுப்பினேன்னு சொல்லிடு. விக்காத கட்டை அவ தலையில கட்டிட்டேன்னு சொல்லு. கொஞ்ச நாள் திட்டுவா, பேசாம இருப்பா, அப்புறம் வந்துடுவா. என்னைத் திருடன்னு சொன்னாக்கூடப் பரவாயில்லை. மூக்கு போச்சுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே.”

பெரியவள் எழுந்துவிட்டாள். அந்த இடத்தில், அந்தச் சட்டைக்கு எதிரில், அவளால் உட்கார முடியவில்லை. காலையில் அவரைத் திருடன் என்று நினைத்தபோது வந்த அருவருப்பு எவ்வளவோ தேவலை என்று இருந்தது. அவர் திருடன் இல்லை. தங்கச்சிக்கு நல்லதையே தேடி எடுத்து அனுப்பிய மனுஷன். அந்த நல்லதையும் மண்ணில் போட்டு மிதிக்கத் தயாராக இருக்கிறார், ஒரு பட்டப்பெயரைக் காப்பாற்றிக்கொள்ள.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பெரியவள் போய்த் திறந்தாள்.

தையல்காரி வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வா என்று பெரியவள் சொன்னது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. முழங்கை வரைக்கும் சாணி காய்ந்திருந்தது. தலையெல்லாம் கலைந்திருந்தது.

“சீமாட்டி படுத்துட்டா. எழுந்திருக்க மாட்டேங்குறா. டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரு,” என்றாள். “நான் உடனே போகணும். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன்.”

அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அந்தக் கட்டு கெட்டதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

மூக்குக்காரர் மனைவியை ஒரு தரம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தெரியும்,” என்றார்.

தையல்காரி அழுவாள் என்றுதான் பெரியவள் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. துணி அளவு சரிபார்க்கிறவள் போல அண்ணனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். அவர் சட்டையிலிருந்து வந்த வாடையில் அவள் முகம் சுளித்தது. அது எதனால் என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு அவள் அண்ணியைப் பார்த்தாள். கொல்லையில் பதில் வராத கேள்வி அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

“அப்ப, அங்கே வந்து அள்ளிக் கொட்டும்போது உங்களுக்கும் தெரியும்,” என்றாள். “அப்படித்தானே அண்ணி?”

மூக்குக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவளின் நகக்கண்ணில் அந்த நாற்றம் அப்படியே இருந்தது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.